எட்டுப் பலகைக் குழாய்

மகனே,

நீ அனுப்பிய வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, காற்றில் சுருண்டுகொள்ளாதபடி மூலைக்கு ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அது வந்த நாளிலிருந்து உன் அத்தை பிலோமியும் நானும் அடுக்களையில்தான் சாப்பிடுகிறோம். படம் நன்றாக இருக்கிறது. கோடுகள் சுத்தம், அளவுகள் தெளிவு. எல்லாம் உன் அப்பாவின் கை. ஆனால் கேள்வியையும் கேட்டு, அதற்குப் பதிலையும் நீயே எழுதிவிட்டு, என்னிடம் சம்மதம் மட்டும் கேட்டிருக்கிறாயே, அதுவும் உன் அப்பாவின் கைதான். என் எழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாகவும், வரிகள் கொஞ்சம் சாய்ந்தும் இருப்பதை நீ கவனித்திருப்பாய். அதற்குக் காரணம் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து கல்யாணம் முடிந்ததும், ரீத்தாவோடு சேர்த்து அப்பா விட்டுச்சென்ற தொலைநோக்கியையும் கொச்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது உன் ஆசை. அதன் பெரிய ஆடி, அப்பா தேய்த்த அந்தக் குழிக் கண்ணாடி, ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறது. தெரிந்தவர்களைக் கெஞ்சி, தூரத்துக்கு அனுப்பி, அதற்குப் புதிதாக அலுமினியம் பூசி வாங்கியிருக்கிறாய். இன்னொரு தடவை அப்படிச் செய்துதருவார்களா என்பது சந்தேகம் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ஆடியை எதற்குள் வைப்பது என்பதுதான் இப்போது பேச்சு. நான்கு பக்கமும் அடைத்த குழாயா, வெறும் கழிகளை நிறுத்திக் கட்டிய திறந்த சட்டமா? "மூடிய குழாய் ஈரக்காற்றில் வேர்க்கும் என்று அப்பா கண்டுபிடித்துவிட்டார். அதனால் சட்டம்தான். ஓடாவியிடம் சொல்லிவிடுங்கள்" என்று எழுதியிருக்கிறாய். தோணி கட்டும் நம் ஓடாவி சூசையும் வந்துவிட்டுப் போய்விட்டார். உன் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, எனக்கு ரெண்டே ரெண்டுதான் தெரியணும். கழி அறுக்கவா, பலக அறுக்கவா? அறுத்தபெறவு மாத்தச் சொல்லக் கூடாது, ஆமா" என்றார். பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இந்தக் கடிதம் உனக்குத்தான் என்றாலும், பிறகு அவருக்கு நான் சொன்ன பதிலும் இதில்தான் இருக்கிறது.

உன் அப்பா வானத்தைப் பார்க்கத் தொடங்கியது கப்பல் பார்த்த பழக்கத்தில்தான். அப்போது புதுத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தொலைவிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் பாய் விரித்துப் போய்ச் சரக்கை இறக்கிக் கொண்டுவரும். அவருக்கு இரண்டு தோணிகள் இருந்தன. தன் தோணி கப்பலோரம் சேர்ந்ததா என்று பார்க்க, மொட்டை மாடியில் ஒரு பித்தளைக் குழலோடு நிற்பார். பொழுது சாய்ந்து, கடலும் கப்பலும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்து மறைந்த பிறகும் அந்தக் குழல் கீழே இறங்காது. காபி ஆறுகிறது என்று நான் படியில் நின்று கூப்பிட்டால், "இன்னும் கொஞ்சம் மேல தூக்குனா என்ன தெரியுதுன்னு பாத்துட்டு வாரேன்" என்பார். அந்தக் கொஞ்சம் மேலே என்பது எங்கே போய் முடியும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

பழைய கப்பல் சாமான் கடையில் ஒருநாள் கப்பலின் வட்ட ஜன்னல் கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு விரல் கனம். அதைத்தான் முற்றத்தில் ஒரு பீப்பாயின் மேல் வைத்து, பொடி போட்டு, தண்ணீர் விட்டு, சுற்றிச் சுற்றி நடந்து தேய்த்துக் குழிவாக்கினார். நீ அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பாய். தேய்க்கிற சத்தம் கடல் கூழாங்கல்லை இழுக்கிற சத்தம்போல இருக்கும். மதியத் தூக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தால், வீடு மெல்லக் கரையைவிட்டு நகர்வதுபோலத் தோன்றும். பளபளப்பு ஏறத் தொடங்கியதும் என்னைக் கூப்பிடுவார். "நீ பாத்து நல்லாருக்குன்னு சொன்னாத்தான் நிப்பாட்டுவேன்." நானும் எளிதில் சொல்லவில்லை. ஓரத்தில் இன்னும் சாம்பல் இருக்கிறது, போய்த் தேயுங்கள் என்பேன். மறுநாளும் அதையே சொல்வேன். "கான்வென்ட்ல படிச்ச பொண்ணக் கெட்டுனது தப்பாப்போச்சு" என்று பீப்பாயிடம் முறையிடுவார். ஆனால் தேய்ப்பார்.

என் கண்ணின்மேல் அவருக்கு அந்த நம்பிக்கை வந்ததற்குக் காரணம் என் அப்பா. அவர் முத்துத் தரம் பார்ப்பவர். சலாபம் நடக்கிற பருவத்தில், முத்துக் குளித்து வந்த சிப்பிகள் அழுகும் வாடை ஊரெல்லாம் வீசும். எங்கள் வீட்டில் மட்டும் காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் துணி விரித்து, அதன்மேல் முத்துகள் உருண்டுகொண்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்ப்பேன். இது மஞ்சள் ஓடியது, இது ஒரு பக்கம் சப்பை, இது குறையே இல்லாத ஆணிமுத்து. நான் முந்திக்கொண்டு சொன்னால் அப்பா திட்டமாட்டார். சரியா என்று மட்டும் பார்ப்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பள்ளியில் என் தையலைக் கன்னியாஸ்திரிகள் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். அங்கேயும் என் கண்ணை யாரும் குறை சொன்னதில்லை. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்பதும் கடைசியில் தெரியும்.

முதல் குழாய் உனக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. எட்டுப் பலகைகளைச் சேர்த்து, எட்டு முகமாக, இதே சூசை ஓடாவி செய்தார். அடியில் பெரிய ஆடி. மேல்வாய் பக்கம் சாய்வாக ஒரு சின்ன ஆடி. பெரிய ஆடி திரட்டுகிற வெளிச்சத்தைச் சின்ன ஆடி வாங்கிப் பக்கவாட்டில் திருப்பிக் கண்ணுக்குக் கொடுக்கும். பலகை சேர்ந்ததும் உன் அப்பாவும் ஓடாவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம். மீனெண்ணெய் வாளி வந்தது. தோணிப் பலகைக்குப் பூசுவார்களே, அதே எண்ணெய். வெளியே ஒரு பூச்சு. உள்ளே இரண்டு பூச்சு.

"இது கடலுக்கா போகிறது? எதற்கு இந்த நாற்றம்?" என்றேன்.

"எண்ணெ குடிக்காத மரம் நம்ம ஊருல மூணு மழைக்கு நிக்காது" என்றார் உன் அப்பா.

"மழையில் யார் இதை வைக்கப்போகிறார்கள்?"

"ஏளா, இங்கன அடிக்கிற காத்தே பாதி கடலுதான். பேசாம இரு."

ஏளா என்று கூப்பிட்டால் எனக்குப் பிடிக்காது என்று தெரிந்தே, பேச்சில் தோற்கப்போகும்போது அப்படிக் கூப்பிடுவார். ஓடாவி சிரிப்பை அடக்கத் தூரிகையை வாளிக்குள் ஆழமாக விட்டார். பிறகு ஒரு மாதம் நம் வீட்டுத் தலையணை உறைவரைக்கும் சுறா வாடை. உன் அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மதினி, நட்சத்திரம் பாக்கக் குழா செஞ்சியளா, கருவாடு போடச் செஞ்சியளா?" என்று கேட்டாள்.

ஆனால் மகனே, அந்தக் குழாயில் முதல்முதலாகச் சனிக்கோளைப் பார்த்த மாலையை நான் எப்படிச் சொல்வது? மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்து ஓய்ந்திருந்தது. காற்றில் ஈரமில்லை. உப்பளத்துக் குவியல்கள் அந்தி வெளிச்சத்தில் இளஞ்சிவப்பாகி, பிறகு நீலமாகி, பிறகு தாமே உள்ளிருந்து ஒளிர்வதுபோல நின்றன. அவர் குழாயைத் திருப்பி நிறுத்திவிட்டு, விலகி இடம் கொடுத்தார். குனிந்தேன். கறுப்பில் ஒரு சின்ன முத்து, வளையம் போட்டுக்கொண்டு, யாருடைய கையும் இல்லாமல் நின்றது. நான் பார்த்த முத்துகளெல்லாம் துணியில் உருண்டவை. இது உருளாமல், நூலில்லாமல், தூரத்தில் அப்படியே இருந்தது. "என்ன தரம்?" என்று காதருகே கேட்டார். "ஆணிமுத்து" என்றேன். பாய் இறக்கிய தோணிகளின் பாய்மரங்கள் கீழே மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன. குழாய் ஒரு தோணி என்றும், நாங்கள் இரண்டு பேரும் அதில் ஏறிக் கரையைவிட்டு மேலே போய்க்கொண்டிருக்கிறோம் என்றும் பிறகு பல நாள் கனவு கண்டிருக்கிறேன். கனவில்கூட அந்த எண்ணெய் வாடை வரும். கனவில் அது எனக்குப் பிடிக்கும்.

அடுத்த முழுநிலவுக்குள் சனிக்கோள் மங்கிவிட்டது. பெரிய ஆடியை வெளியே எடுத்தார். மேலே ஒரு மெல்லிய படலம். சாய்த்துப் பிடித்தால் பச்சையும் ஊதாவும் ரோஜாவும் ஓடின. பிலோமி கைதட்டினாள். "சிப்பி உள்பக்கம் மாரி மினுங்குது பாருங்க!" நானும் அழகைத்தான் பார்த்தேன். தோணித்துறையில் எண்ணெய் சிந்திய தண்ணீரும் அதே நிறங்களோடுதான் மினுங்கும் என்பது அன்றைக்கு எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. கழுவி வைத்தார். திரும்பப் படிந்தது. அப்போது உன் அப்பா தோணிக்காரராகவே யோசித்தார். கிடங்கை மூடிவைத்தால் சரக்கு வேர்த்துக் கெட்டுப்போகும், மூடியைத் திறந்து காற்றோட்டம் விட்டால் காயும். குழாயும் ஒரு கிடங்கு. ஆகவே குழாய்தான் குற்றவாளி. எட்டுப் பலகைக் குழாய் கீழே சரக்கு அறைக்குப் போய்ப் பழைய பாய்களோடும் கயிறுகளோடும் படுத்தது. ஓடாவி நான்கு கழி நிறுத்திச் சட்டம் கட்டினார். சட்டத்துக்கு எண்ணெய் பூச வேண்டியதில்லை, அது வார்னிஷ் அடித்த கழி என்பதால். படலம் வருவது நின்றது. "பாத்தியா, நான் சொன்னேனே" என்றார் உன் அப்பா. நானும் சரி என்றுதான் நினைத்தேன்.

நீ வளர்ந்தது அந்தச் சட்டத்தோடுதான். உனக்கு அது எவ்வளவு பிரியம் என்று தெரியும். கழிகளுக்கு நடுவே கையை நுழைத்து, வெளிச்சம் எந்த வழியில் போகிறது என்று விரலால் காட்டுவாய். ஆனால் ஒன்றை நினைத்துப் பார். மார்கழியிலோ மாசியிலோ நாம் எப்போது மாடியில் நின்றாலும், கொஞ்ச நேரத்தில் சின்ன ஆடியில் பனி பூத்துவிடும். அப்பா பனியன் முனையால் ஒற்றி எடுப்பார். மறுபடி பூக்கும். உன் மூச்சு பட்டால் பூக்கும். கடலிலிருந்து கொண்டல் காற்று வந்தால் கேட்கவே வேண்டாம். ஒற்றி ஒற்றி அந்தச் சின்ன ஆடிக்கு எத்தனை முறை வெள்ளி பூசினார் என்று உனக்கே தெரியும். நட்சத்திரம் என்றால் சற்று நேரம் தெரிந்து பிறகு மங்கிவிடுவது என்றே நீ எண்ணி வளர்ந்தாய். ஒருநாள் பள்ளியில், வானத்தில் நட்சத்திரங்கள் ஏன் மங்குகின்றன என்ற கேள்விக்கு, "அதுகளுக்கும் தூக்கம் வரும்" என்று எழுதிவிட்டு வந்தாய். அப்பா அதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

இப்போது உன் படத்துக்கு வருகிறேன். அதில் கழிகளைக் கண்டதும் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் சொல்லத் தெரியவில்லை. காரணம் தெரியாமல் வேண்டாம் என்று சொல்வது என் வழக்கமும் இல்லை. ஆகவே சரக்கு அறையைத் திறந்தேன். இரண்டு ஆட்களை வைத்து எட்டுப் பலகைக் குழாயை மாடிக்கு ஏற்றினேன். பிலோமி படியில் வழிமறித்தாள். "மதினி, கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்கணும், பலகாரத்துக்குச் சொல்லணும், நீங்க இந்தச் சவப்பெட்டியத் தூக்கிட்டு எங்கன போறிய?" என்றாள். மேலே கொண்டுபோய் நிறுத்தச் சொன்னேன். குழாயின் வாய்க்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை மகனே. பழைய மரவாடை மட்டும். எண்ணெயெல்லாம் வருடக்கணக்கில் காய்ந்து அரக்குபோல இறுகிவிட்டிருந்தது. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சிப்பி நிறமும் எண்ணெய் சிந்திய தோணித்துறைத் தண்ணீரும் அப்போதுதான் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தன. பகல் வெயிலில் மாடியில் காய்ந்த குழாய்க்குள், இன்னும் காயாத எண்ணெய் ஆவியாகி ஆடியில் போய்ப் படிந்திருக்கிறது. ஈரம் செய்த வேலையே இல்லை அது. குழாயின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஆனால் நினைத்தது போதாதே. அப்பா முகம் பார்த்துச் சவரம் செய்த கைக்கண்ணாடி இருந்தது. அதே அளவில் கடையில் இன்னொன்று வாங்கினேன். ஒன்றை எட்டுப் பலகைக் குழாயின் அடியில் வைத்தேன். இன்னொன்றைப் பழைய சட்டத்தின் கழிகளுக்கு நடுவே வைத்தேன். பொழுது சாயும்போது வைத்து, விடிந்ததும் போய்ப் பார்த்தேன். இரண்டும் மங்கியிருந்தன. இரண்டிலும் ஒரே பால்வெள்ளைப் புகை. எனக்கு அழுகை வந்துவிட்டது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். அழவில்லை. ஆனால் உன் அப்பா எங்கோ இருந்து "பாத்தியா" என்பதுபோல இருந்தது. கீழே இறங்கி, இரண்டும் ஒன்றுதான், உன் விருப்பப்படி சட்டமே செய்துகொள் என்று உனக்கு எழுதலாம் என்று முடிவுசெய்தேன். அதற்குள் பிலோமி காபியோடு மேலே வந்துவிட்டாள். வந்ததும் குழாய்க்குள் எட்டிப் பார்த்துத் தன் கொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"அதில் என்னடி முகம் தெரிகிறது? அதுவும்தான் மங்கிக் கிடக்கிறதே" என்றேன்.

"எது? இதா? என்ன மதினி சொல்லுதிய? எம் மூக்குத் துளையில இருக்க மருகூடத் தெரியுது. பளிச்சுன்னு இருக்கு. அந்தா அந்தக் கம்புக்குள்ள இருக்கதுதான் ஒழுகுது."

"காலையிலேயே விளையாடாதே."

"நான் எதுக்கு வெளையாடுதேன்? தொட்டுத்தான் பாருங்களேன்."

தொட்டேன். சட்டத்தில் இருந்த கண்ணாடியில் விரல் வழுக்கி, தண்ணீர் மணிக்கட்டுவரை ஓடியது. குழாயின் அடிவாய் வழியாகக் கையை விட்டு மற்றதைத் தொட்டேன். காய்ந்திருந்தது. துடைத்த பீங்கான் தட்டுபோல, விரலுக்குக் கீழே கிறீச்சிட்டது. அதை வெளியே எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். எனக்கு அப்போதும் புகைதான் தெரிந்தது. இடக்கண்ணை மூடினேன், புகை. வலக்கண்ணை மூடினேன், புகை கொஞ்சம் குறைந்தது. பிலோமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். காபித் தம்ளரை என் கையில் வைத்து, என் விரல்களை அதைச் சுற்றி மடக்கிவிட்டாள்.

அதன்பிறகு தொடர்ந்து பல காலை, கண்ணை நம்பாமல் விரலால் பார்த்தேன். கொண்டல் அடித்த நாளும் பார்த்தேன், காற்றே இல்லாத நாளும் பார்த்தேன். சட்டத்தில் இருந்தது எப்போதும் ஈரம். குழாய்க்குள் இருந்தது எப்போதும் காய்ந்தது. ஒரே ஒரு காலை மட்டும் அதிலும் லேசாக ஈரம் ஒட்டியது. அன்று கடலே எழுந்து ஊருக்குள் வந்ததுபோல மூடுபனி. ஏன் இப்படி என்றும் யோசித்தேன். பனி மேலிருந்து விழுவதில்லை. வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் பொருள் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்ததன்மேல் காற்றின் ஈரம் வந்து உட்காருகிறது. மாடியில் விரித்த பாய் நனைந்துவிடும், தகரக் கூரைக்குக் கீழே விரித்தது நனையாது. குழாயின் அடியில் இருக்கும் ஆடிக்குத் தெரிவது ஒரு சிறு வட்ட வானம் மட்டும். சட்டத்தில் இருக்கும் ஆடிகள் ஊர் வானம் முழுவதையும் பார்த்துக்கொண்டு கிடக்கின்றன. காய்ந்த குளிர் ஊராக இருந்தால் சட்டம் சீக்கிரம் ஆறும், நல்லது என்பார்கள். நம் ஊரிலும் உன் கொச்சியிலும் காற்றே ஈரத்துணி. இங்கே அடைத்த குழாய்தான்.

ஆகவே சூசையிடம் பலகையே அறுக்கச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபித்துக்கொள். ஆனால் மாற்றாதே. இரும்புத் தகட்டில் செய்யலாம் என்று கொச்சியில் யாராவது சொல்வார்கள். கேட்காதே. தகடு வானத்துக்குக் கீழே சட்டென்று குளிர்ந்து உள்ளேயும் நீர் சொட்டும். மரம் பொறுமையானது. சின்ன ஆடியைத் தாண்டிக் குழாய் இன்னும் ஒரு முழத்துக்கு மேலாகவே நீண்டு போகட்டும். அந்த நீளம்தான் அதற்குக் குடை. அடியில் காற்றுப் போக வழி வைத்து வலை அடி. உள்ளே மங்கலான கறுப்பு வண்ணம் மட்டும் அடித்து, நல்ல வெயிலில் வாரக்கணக்கில் காயவிட்டு, ஆடியை வைப்பதற்கு முன் உன் மூக்கை உள்ளே விட்டுப் பார். எந்த வாடையும் இருக்கக் கூடாது. பார்த்து முடித்ததும் ஈரத்தோடு மூடிவைக்காதே. வீட்டுக்குள் கொண்டுவந்து, திறந்தபடி காயவிட்டு, பிறகு மூடு. கிடங்கைப்பற்றி உன் அப்பா சொன்னது அந்த இடத்தில் முழுக்கச் சரி. அவருடைய அறிவு பிழையானதில்லை. அதைக் கொண்டுபோய் வைத்த இடம்தான் பிழை.

படத்தில் இன்னொன்றையும் திருத்தியிருக்கிறேன். கண் வைக்கும் துளையை உன் உயரத்துக்கு வைத்திருக்கிறாய். ரீத்தாவின் உயரம் என்ன என்று யோசித்தாயா? மணப்பாட்டில் பெண் பார்க்கப் போனபோது அவள் என் தோளுக்குத்தான் வந்தாள். உனக்கு வசதியாகச் செய்துவிட்டு, அவளுக்கு ஒரு முக்காலியைக் கொடுத்தால் அவள் ஏறிப் பார்ப்பாள். சில நாள் பார்ப்பாள். பிறகு முக்காலியில் நீ காபியைத்தான் வைப்பாய். அவள் நின்ற இடத்திலேயே நின்று பார்க்கும்படி வை. நீ குனி. குனிந்தால் முதுகு வலிக்கும் என்றால், அவளுக்குக் கழுத்து வலிக்கும் என்பதையும் நினை. உங்கள் வீட்டிலும் ஒருநாள் ஏதாவது மங்கும் மகனே. எங்கள் வீட்டிலும் மங்கியது. அப்போது அவசரப்பட்டுப் பலகையைப் பிரிக்காதே. எதன்மேல் மங்கல் என்று முதலில் விரலால் தொட்டுப் பார். உன் கண்ணையும் சேர்த்துச் சோதித்துக்கொள்.

இனி என் எழுத்தைப்பற்றி. பிலோமி என்னை விடவில்லை. பாளையங்கோட்டையில் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வலக்கண்ணில் புரை நன்றாகப் பழுத்துவிட்டதாம், இடக்கண்ணில் தொடங்கியிருக்கிறதாம். அறுத்து எடுக்கலாம் என்றார். முத்தின் மஞ்சளை மூன்று பேருக்கு முன்னால் கண்டுபிடித்தவளிடம், உள்ளங்கையை நீட்டி எத்தனை விரல் என்று கேட்டார். நான் சரியாகத்தான் சொன்னேன். இருந்தாலும் அவர் அப்படிக் கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. அறுத்த பிறகு பாட்டில் அடிபோலத் தடித்த மூக்குக்கண்ணாடி போட வேண்டுமாம். அப்படியானால் கல்யாணம் முடியட்டும், என் ஒரே மகன் கல்யாணப் படத்தில் நான் அந்தக் கோலத்தில் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பேருந்தில் வரும்போது பிலோமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "படத்துல நீங்க நல்லாத்தான் இருப்பிய. ஆனா படத்துல யாரு யாருன்னு நான்தான் ஒங்களுக்குச் சொல்லணும்" என்றாள். வீட்டுக்கு வந்து மாடிக்குப் போனேன். புதுத் துறைமுகத்து விளக்குகள் எனக்கு ஒவ்வொன்றும் ஒரு பெரிய வெள்ளைப் பூவாக விரிந்து தெரிந்தன. அழகாகத்தான் இருந்தது. ஒரு காலத்தில் சிப்பி நிறத்தை அழகு என்று நின்று பார்த்தோமே, அதுபோல.

ஆகவே கல்யாணத்துக்கு முன்பே, அடுத்த வாரம் அறுவை. தவக்காலம் முடிவதற்குள் ஆறிவிடும் என்கிறார் டாக்டர். கல்யாணப் படத்தில் தடித்த கண்ணாடியோடு உன் பக்கத்தில் ஒருத்தி நிற்பாள். அது நான்தான். படம் எடுப்பவர் கழற்றச் சொன்னால் நீ குறுக்கே பேசாதே, நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நீ வரும்போது பெரிய ஆடியை மடியில் வைத்துக்கொண்டு வா. புதுக் குழாயின் வண்ணம் அதற்குள் காயாது. விருந்தாளிகள் போன மறுநாள் மாலை, மாடியில் எட்டுப் பலகைக் குழாயிலேயே அதைப் பொருத்து. அதற்கு இனி வாடை இல்லை. அந்த நேரத்தில் சனிக்கோள் உச்சிக்குச் சற்று மேற்கே இருக்கும். முதலில் ரீத்தா பார்க்கட்டும். பிறகு பிலோமி பார்க்கட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு. பிறகு நீ. கடைசியில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு, நீங்களெல்லாம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் அவசரப்படுத்தாதீர்கள், அந்தக் குழாயில் பனி பூக்காது.

உள்ளே என்ன தெரிகிறது என்று யாரும் எனக்குச் சொல்லக் கூடாது. தரத்தை நான் சொல்கிறேன்.

அம்மா